பனிச்சறுக்குக்குப் போகிறீர்களா? பலகை பிறகு, கையுறை முதலில்!

டில்லியில் உத்தியோகம் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குளிர்கால விடுமுறை என்றால் முன்பெல்லாம் இரண்டே வழிகள்தான். ஒன்று, ரிசர்வேஷன் கிடைத்தால் ஊருக்குப் போவது. கிடைக்காவிட்டால் ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டிலேயே இருப்பது. இப்போது மூன்றாவதாக ஒரு வழியும் சேர்ந்திருக்கிறது. காலேஜில் படிக்கும் பிள்ளைகளும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களும் பனிமலைக்குப் போய்ச் சறுக்கி விளையாட வேண்டும் என்கிறார்கள். இரண்டு காலுக்கும் தனித்தனிக் கட்டை மாட்டும் 'ஸ்கீ'யைவிட, ஒரே பலகையின் மீது பக்கவாட்டில் நின்று போகும் 'ஸ்னோபோர்டு' மீதுதான் அவர்களில் பலருக்கு ஆசை.

ஆசை வந்ததும் அடுத்த யோசனை கடைதான். செல்போனைத் திறந்தால் பளபளக்கும் பலகைகள் வரிசையாக வருகின்றன. தவணையில் வாங்கிக்கொள்ளலாம் என்றும் போட்டிருக்கிறார்கள். இந்த இடத்தில்தான் மாதச் சம்பளக்காரர் நிதானிக்க வேண்டும். முதல் தடவை போகிறவர் கடைசியாக வாங்க வேண்டிய சாமான் பலகை; வாங்காமலே போனாலும் குற்றமில்லை. உடம்பை ஒட்டியிருப்பவை, விழும்போது அடியைத் தாங்குபவை ஆகியவற்றுக்குத்தான் சொந்தப் பணத்தைச் செலவிட வேண்டும்.

எங்கே போவது?

நம் நாட்டில் இந்த விளையாட்டுக்குப் பெயர் பெற்ற இடம் காஷ்மீரத்துக் குல்மார்க். அதன் உயரம் சுமார் 2,650 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். அதாவது, நம் ஊரில் உச்சி என்று ஏறி நின்று பார்க்கிறோமே, ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் குல்மார்க்கின் புல்வெளியே தொடங்குகிறது. அங்கிருந்து 'கொண்டோலா' எனப்படும் ரோப் கார் இரண்டு கட்டமாக மேலே போகிறது. முதல் கட்டம் சுமார் 3,100 மீட்டர் உயரத்திலுள்ள கோங்டூரி வரை. இரண்டாவது கட்டம் சுமார் 3,950 மீட்டரில் அஃபர்வத் மலைத்தோள் வரை. 2020-இல் 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் குல்மார்க்கிலும் நடந்தன. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சிக் கழகமும் அங்கே இருக்கிறது.

பிரயாணமும் இப்போது சற்றுச் சுலபமாகியிருக்கிறது. 2025 ஜூன் 6-ஆம் தேதி கட்ரா-ஸ்ரீநகர் ரயில் போக்குவரத்துத் தொடங்கி வைக்கப்பட்டது. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஏறத்தாழ 50 கிலோ மீட்டர். கடைசி 13 கிலோ மீட்டர், தங்மார்க்கிலிருந்து ஏறும் மலைப்பாதை. எல்.டி.சி.யில் போகிறவர்கள் காஷ்மீருக்கான சலுகைகள் பற்றிய கடைசிச் சுற்றறிக்கையை அலுவலகத்தில் கேட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

மணாலிக்கு அருகிலுள்ள சோலாங் பள்ளத்தாக்கு, ஒரு நாள் சறுக்கிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஏற்றது. உத்தராகண்டில் உள்ள ஔலியும் நல்ல இடம்தான். ஆனால் ஜோஷிமட் நகரில் நிலம் அமிழ்ந்த காரணத்தால் 2023 ஜனவரியில் அங்கிருந்து ஔலிக்குப் போகும் ரோப் கார் நிறுத்தப்பட்டது. ஆகவே அங்கே போக நினைப்பவர்கள் போக்குவரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு கட்டையிலிருந்து ஒரு பலகை

இந்தப் பலகைக்கு வயது அதிகமில்லை. 1965-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்ற என்ஜினீயர், தம் பெண் குழந்தைகள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீ கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்துக் கொடுத்தார். அதுதான் ஆரம்பம். 1977-இல் ஜேக் பர்ட்டன் வெர்மான்ட் மாநிலத்தில் பலகை தயாரிக்கும் தொழிலைத் தொடங்கினார். 1998-இல் ஜப்பானின் நகானோவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இது பந்தய விளையாட்டாக இடம்பெற்றது.

இதில் சாமான்கள் மூன்று: பலகை, அதன் மேல் திருகி வைத்திருக்கும் 'பைண்டிங்' என்னும் கால் பிடிப்பு, பூட்ஸ். ஸ்கீயில் விழுந்தால் பூட்ஸ் தானாகக் கழன்றுகொள்ளும்படி பிடிப்பு அமைத்திருப்பார்கள். ஸ்னோபோர்டில் அப்படிக் கழலாது. இரண்டு காலும் பலகையோடு கட்டுண்டிருக்க, ஆள் கையை ஊன்றியோ பின்புறம் மோதியோதான் விழுவார். எதை வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டாம் என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்தே தெரிந்துவிடும்.

பலகை ஏன் வாடகைக்கு?

முதலில் பணக் கணக்கு. உதாரணத்துக்கு, பலகை, பைண்டிங், பூட்ஸ் மூன்றும் சேர்ந்து 45,000 ரூபாய் என்றும், ஒரு நாள் வாடகை 1,500 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். முப்பது நாள் சறுக்கினால்தான் போட்ட பணம் சரியாகும். குமாஸ்தா ஒருவருக்கு வருஷத்தில் பனியில் கிடைக்கும் நாள்கள் நான்கு இருந்தால் அதிகம். அப்படியானால் ஏழெட்டு வருஷம் ஆகும். அதற்குள் இடமாற்றல் வரலாம், கல்யாணம் ஆகலாம், ஆசையே போய்விடலாம். உண்மையான விலையையும் வாடகையையும் அவரவர் விசாரித்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, பனியே நிச்சயமில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க்கில் பல வாரங்கள் பனி விழாமல் புல் தெரிந்தது. 2025 பிப்ரவரியில் நடக்க இருந்த குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் பனி போதாமல் மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டன. கடையில் வாங்கிய பலகை அந்த வருஷம் பரண் மேல் கிடக்கும். தவணை மட்டும் தவறாமல் வரும்.

மூன்றாவது, அதைத் தூக்கிக்கொண்டு போவது. பெரியவர்களுக்கான பலகை ஒன்றரை மீட்டர் நீளம். ரயில் பெட்டிக்குள் கையோடு கொண்டுபோகும் டிரங்கு, சூட்கேஸ் ஆகியவற்றுக்கு ரயில்வே விதிப்படி நீளம் 100 சென்டிமீட்டர், அகலம் 60, உயரம் 25 என்பதே வரம்பு. மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஏ.சி. சேர் காரிலும் அது இன்னும் குறைவு: 55, 45, 22.5 சென்டிமீட்டர். அளவை மீறினால் பிரேக் வானில் புக் செய்ய வேண்டும். விமானத்தில் போனால், உள்நாட்டுப் பிரயாணத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் இலவசம். பலகையும் பூட்ஸுமே ஆறேழு கிலோ இருக்கும்.

கட்டாயம் வாங்க வேண்டியவை

உள்ளாடை: கம்பளி அல்லது செயற்கை இழையில் நெய்த, உடம்போடு ஒட்டிய மேல், கீழ் உள்ளாடைகள் இரண்டு செட். பருத்தி பனியன் வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். சறுக்குவதை நிறுத்திய அடுத்த நிமிஷம் உடம்பின் சூட்டை அது உறிஞ்சிவிடும். ஜீன்ஸும் அப்படியே. நனைந்த ஜீன்ஸோடு பனியில் உட்கார்ந்தவருக்கு அன்றைய விளையாட்டு முடிந்தது என்று அர்த்தம்.

நடு உடுப்பு: வீட்டில் இருக்கும் கம்பளி ஸ்வெட்டரே போதும். புதிதாக வாங்க வேண்டியதில்லை.

மேலாடை: தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேண்ட்டும். புதிதாகப் பழகுகிறவர் பாதி நேரம் பனியில் உட்கார்ந்துதான் இருப்பார். ஆகவே ஜாக்கெட்டைவிட பேண்ட் முக்கியம். உட்புறம் திருப்பிப் பார்த்தால் தையல்களின் மேல் நாடா ஒட்டியிருக்க வேண்டும். சீட்டில் 10,000 மி.மீ. என்பதுபோல் ஓர் எண் போட்டிருக்கும். அது தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் அளவு. பத்தாயிரமோ அதற்கு மேலோ இருந்தால் போதும். இவற்றை விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் வாடகைக்கும் எடுக்கலாம். காஷ்மீரி கேட் பக்கத்து மானஸ்டரி மார்க்கெட்டிலும் சரோஜினி நகரிலும் ஜாக்கெட்டுகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அங்கே கிடைப்பவற்றில் பல, குளிரைத் தாங்குமே தவிர ஈரத்தைத் தாங்காது. உள்தையலைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

காலுறை: முழங்கால் வரை வரும் கம்பளிக் காலுறை, மடிப்பு விழாமல், ஒரே ஒரு ஜோடிதான் போட வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி போட்டால் பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறையும். கால் முன்னைவிடச் சில்லிட்டுப்போகும்.

கையுறை: ஸ்கூட்டர் ஓட்டும்போது போடும் பின்னல் கையுறை பத்து நிமிஷத்தில் நனைந்துவிடும். தண்ணீர் புகாததும், மணிக்கட்டைத் தாண்டி நீண்டு வருவதுமாக இருக்க வேண்டும். விரல்கள் எல்லாம் ஒரே பைக்குள் இருக்கும் கையுறையில் சூடு அதிகம்.

மணிக்கட்டுக் காப்பு: இதுதான் பட்டியலில் மலிவான சாமான்களில் ஒன்று, பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். ஸ்னோபோர்டு பழகுகிறவர்களுக்கு அதிகமாக உடைவது மணிக்கட்டு எலும்பு. விழும்போது கை தானாக முன்னே போய் ஊன்றிக்கொள்வதே காரணம். காப்பு அணிந்தவர்களுக்கு முறிவு குறைவு என்பது பல நாடுகளின் மருத்துவ ஆய்வுகளில் தெரிந்த விஷயம். கையெழுத்துப் போட்டும் கம்ப்யூட்டரில் தட்டியும் சம்பாதிக்கிறவருக்கும், லேத்தில் நின்று சம்பாதிக்கிறவருக்கும் வலது கையில் ஆறு வாரம் மாவுக்கட்டு என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தினக்கூலிக்காரருக்கு மெடிக்கல் லீவும் கிடையாது. காப்பு போட்டிருந்தாலும், விழும்போது விரலை விரிக்காமல் முஷ்டியாக மடக்கி, முன்கையால் தாங்கப் பழக வேண்டும்.

ஹெல்மெட்: பலகையின் கீழ் விளிம்பு பனியில் சட்டென்று குத்திக்கொண்டால் ஆள் பின்பக்கமாகப் பொத்தென்று விழுவார், பின்மண்டை தரையில் மோதும். ஆகவே ஹெல்மெட் இல்லாமல் பலகையில் நிற்கவே கூடாது. வீட்டில் இருக்கும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் இதற்கு ஆகாது. கனம் அதிகம், மூச்சுக் காற்றால் கண்ணாடி மங்கும், பின்னால் வருகிறவர் குரலும் கேட்காது. பனிச்சறுக்கு ஹெல்மெட்டில் ஈ.என். 1077 அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப் 2040 என்ற தர முத்திரை இருக்கும். வாடகைக்கு எடுத்தால் விரிசல் இருக்கிறதா என்று உள்ளேயும் வெளியேயும் பார்க்க வேண்டும்.

காகிள்ஸ்: புதுப்பனி தன் மேல் விழும் புற ஊதாக் கதிரில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. கண்ணை மூடாமல் ஒரு நாள் முழுதும் இருந்தால், இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும். இரட்டைக் கண்ணாடி வைத்த காகிள்ஸ் சுலபத்தில் மங்காது. மூக்குக் கண்ணாடி அணிகிறவர்கள் அதற்கு மேல் போடத்தக்க அகலமான காகிள்ஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். முகத்துக்குச் சன்ஸ்கிரீன் கிரீமும் அவசியம்.

வாடகைக் கடையில் ஐந்து நிமிஷம்

வாடகைக்கு எடுப்பதால் பார்க்காமல் எடுத்துவிடக் கூடாது. முதலில் பூட்ஸ். புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே, சாயங்கால வேளையில், காகிதத்தின் மேல் நின்று பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ள வேண்டும். நாம் கடையில் 8-ஆம் நம்பர் என்று வாங்கும் ஆண்கள் செருப்பு, அமெரிக்க அளவில் ஏறக்குறைய 9, சென்டிமீட்டரில் 27. நம்பரை மட்டும் சொன்னால் குழப்பம்தான் வரும். பூட்ஸைக் கட்டிக்கொண்டு நேராக நின்றால் கட்டைவிரல் நுனியில் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடித்தால் விரல் சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலே எழும்பக் கூடாது. எழும்பினால் அந்தப் பூட்ஸால் பலகையைத் திருப்ப முடியாது. கடையைவிட்டு வெளியே வருமுன் பத்து நிமிஷமாவது நடந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது பலகை. நிமிர்த்தி வைத்தால் மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் வரவேண்டும் என்பது பொதுக் கணக்கு. உண்மையில் உயரத்தைவிட எடைதான் முக்கியம். 60 கிலோ உள்ளவருக்கு ஏறக்குறைய 150 சென்டிமீட்டர். அதற்குமேல் கனமானவர்களுக்கு இன்னும் நீளம். பழகுகிறவருக்குச் சற்றுக் குட்டையாகவும், எளிதில் வளைவதாகவும் இருப்பது நல்லது. பூட்ஸ் பலகையின் இரு பக்கமும் அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் திரும்பும்போது பனியில் உரசி ஆளைத் தள்ளிவிடும். பெரிய பாதக்காரர்கள் அகலப் பலகையாகக் கேட்க வேண்டும். ஓரத்து எஃகு விளிம்பு துருப்பிடித்திருக்கிறதா, எங்காவது பிளந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பைண்டிங்கில் திருகுகள் ஆடக் கூடாது. கணுக்கால் பட்டையும் விரல் பட்டையும் பல்லில் மாட்டி இறுகி, உடனே விடுபட வேண்டும். எந்தக் கால் முன்னால் என்பதையும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் வழுவழுப்பான தரையில் சாக்ஸோடு ஓடிச் சறுக்கினால் எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ அதுதான். இடது கால் முன்னால் என்றால் 'ரெகுலர்', வலது என்றால் 'கூஃபி' என்று கடைக்காரரிடம் சொன்னால் அதற்கேற்பத் திருகிக் கொடுப்பார்.

பிள்ளைகள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வளரும் பிள்ளை என்று பள்ளிக்கூட யூனிபாரத்தை ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நம் வழக்கம். பூட்ஸிலும் பலகையிலும் அந்த வழக்கம் ஆபத்து. காலுக்குச் சரியாக இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும்.

வேண்டாதவை

தொங்கும் மப்ளர் கூடாது. இழுவைக் கம்பியிலோ லிஃப்டிலோ சிக்கிக்கொள்ளும். கழுத்தை மூடத் தைத்த கழுத்துறை வாங்கலாம். மங்கி குல்லா ஹெல்மெட்டுக்கு அடியில் தடித்து நிற்கும். ஹெல்மெட் சரியாக உட்காராது. மலையேறும் வழியில் வாடகைக்கு விடும் நீளமான கோட்டும் கம்பூட்ஸும் பனியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளத்தான் உதவும். பைண்டிங்கில் அந்தக் கம்பூட்ஸ் மாட்டாது.

மேல் கட்டத்துக்குப் போகாதீர்கள்

எவ்வளவு நல்ல சாமான் வைத்திருந்தாலும், முதல் தடவை போகிறவர் கீழேயுள்ள பழகுமேட்டைவிட்டு விலகக் கூடாது. அஃபர்வத் சரிவுகள் கைதேர்ந்தவர்களுக்கே உரியவை. 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி அங்கே ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்து நாட்டினர் இருவர் இறந்தனர். 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் நேர்ந்த இன்னொரு சரிவில் ரஷ்யர் ஒருவர் உயிரிழந்தார். அந்தச் சரிவுகளில் இறங்குகிறவர்கள், புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் ரேடியோ கருவி, மடக்கு மண்வெட்டி, நீண்ட துழாவு கம்பி ஆகியவற்றோடும், உள்ளூர் வழிகாட்டியோடும்தான் போவார்கள். அவற்றை உபயோகிக்கத் தெரியாதவருக்கு அங்கே வேலையில்லை. பிரயாண இன்ஷூரன்ஸ் எடுப்பவர்கள், பனிச்சறுக்கு விபத்துக்கு அது பொருந்துமா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பல பாலிசிகளில் சாகச விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கும்.

அடுத்த வருஷம் என்ன வாங்கலாம்?

இரண்டு சீசன் போய் வந்து, ஆசையும் நிலைத்து, கையில் பணமும் சேர்ந்தால் முதலில் வாங்க வேண்டியது பூட்ஸ். ஒவ்வொருவர் பாதமும் ஒவ்வொரு மாதிரி. வாடகைப் பூட்ஸ் எத்தனையோ கால்கள் போட்டுத் தளர்ந்தது. ரயிலில் பைக்குள் வைத்துக் கொண்டுபோகவும் முடியும். அதன் பிறகு பைண்டிங். பலகை எல்லாவற்றுக்கும் கடைசியில். அப்போதும் சீசன் முடிந்து மார்ச், ஏப்ரல் மாதங்களில் விசாரித்தால், வாடகைக் கடைக்காரர்கள் பழையவற்றைக் கழிப்பது உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இந்த வருஷம் போகிறவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கையில் உள்ள பணத்தில் பயிற்சியாளர் கூலியை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். பிறகு ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, கையுறை, காகிள்ஸ், உள்ளாடை, காலுறை. மிச்சத்தில் வாடகை. இந்த வரிசையை மாற்றாமல் இருந்தால், விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை இரண்டு கையும் சௌக்கியமாக வேலைக்குப் போகலாம்.